சிங்கராஜாவுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்

கார்ட்டூன் படங்களிலிருந்து உருவான பெரிய மேடை இசை நாடகங்களைப் பற்றி இந்த முறை நிறைய கடிதங்கள். எழுதியவர்களில் பலர் பிள்ளைகளோடு லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போகிறவர்கள், போய் வந்தவர்கள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 'தி லயன் கிங்' படத்தை வீட்டிலேயே பத்துத் தடவை பார்த்தாகிவிட்டது. அதே கதைக்கு இவ்வளவு பணம் கொடுத்து மேடையிலும் பார்க்க வேண்டுமா?

கதை அதேதான், அனுபவம் வேறு. 1994இல் வந்த படம் ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. 1997 முதல் நடக்கும் நாடகம் இடைவேளையோடு இரண்டரை மணி நேரம். படத்தில் இல்லாத பாட்டுகள் உண்டு. படத்தில் ஆணாக வரும் குரங்கு ரஃபிக்கி இங்கே ஒரு பெண். இயக்குநர் ஜூலி டேமோர் நடிகர்களின் முகத்தை மறைக்கவில்லை. சிங்கத்தின் முகமூடி தலைக்கு மேலே நிற்கும், அதன் கீழே மனித முகம் தெரியும். ஒட்டகச்சிவிங்கியாக வருபவர் கைகளிலும் கால்களிலும் கட்டைகளை மாட்டிக்கொண்டு நடப்பார். கொஞ்ச நேரத்தில் மனிதரையும் விலங்கையும் சேர்த்தே பார்க்கப் பழகிவிடுவோம். இசை நாடக இயக்கத்துக்கான டோனி விருதை, அதாவது அமெரிக்க மேடை உலகின் பெரிய விருதை, வாங்கிய முதல் பெண் டேமோர்தான், 1998இல். படத்தை அப்படியே மேடையில் எதிர்பார்த்தால் போக வேண்டாம். மற்றபடி, சேர்த்து வைத்தாவது ஒருமுறை போய்வாருங்கள்.

கேள்வி: இரண்டரை வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வேண்டாம்தானே?

வேண்டும். பல அரங்குகளில் அந்த வயதுக்கு அனுமதியே கிடையாது. வாங்குவதற்கு முன் வயது விதியைப் படியுங்கள்.

கேள்வி: எந்த இருக்கை நல்லது? விலை கூடக் கூட நன்றாகத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. நான் ஒருமுறை என் மகளுக்காக ஆசை ஆசையாக முதல் வரிசை வாங்கினேன். மேடை உயரம். ஆடுகிறவர்களின் பாதமே தெரியவில்லை. அவள் பாதி நேரம் இசை நடத்துநரின் பின்னந்தலையைத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து சிறு பிள்ளைகளோடு போனால் முதல் மாடியின் முன்வரிசைதான் எடுக்கிறேன். 'தி லயன் கிங்' மட்டும் விதிவிலக்கு. தொடக்கப் பாட்டில் விலங்குகள் பார்வையாளர்களுக்கு நடுவே உள்ள நடைவழியில்தான் வரும். அதனால் கீழ்த்தளத்தில் நடைவழியை ஒட்டிய இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். இன்னொன்று: லண்டனின் பழைய அரங்குகளில் தூண்கள் உண்டு. 'பார்வை மறைக்கப்படும்' என்று போட்டிருந்தால் உண்மையாகவே மறைக்கும். பிள்ளைகளுக்கு உயரம் கூட்டும் மெத்தை பெரும்பாலும் இலவசம், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கேள்வி: நாடகத்தின் பெயரைத் தேடினேன், முதலில் வந்த தளத்தில் நான்கு டிக்கெட் வாங்கினேன். பிறகு பார்த்தால் அரங்கின் சொந்தத் தளத்தில் அதே வரிசை பாதி விலை. பதினான்கு நாளுக்குள் ரத்து செய்யலாம் என்கிறார்களே, பணம் திரும்புமா?

இதே கதையோடு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை, படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் வாங்கியது மறுவிற்பனைத் தளத்தில். தேடலில் மேலே வந்தது விளம்பரம். அந்தத் தளங்கள் அரங்கின் படத்தையும் போஸ்டரில் நாடகத்தின் பெயரை எழுதும் அதே எழுத்து வடிவத்தையும் போட்டு, அதுதான் அதிகாரபூர்வக் கவுண்டர் என்று நம்பவைக்கின்றன. 'இன்னும் இரண்டே டிக்கெட்', 'எட்டு நிமிடம் மீதம்' என்று கடிகாரம் வேறு. பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்ட பெற்றோருக்கு அந்தக் கடிகாரத்தைப் பார்த்ததும் கை நடுங்கும். அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். நானும் இப்படி ஒருமுறை இரட்டிப்பு விலை கொடுத்து, போய்ப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் இருக்கை. டிக்கெட்டில் அச்சடித்திருந்த உண்மையான விலையைப் பார்த்த அந்த நொடி இன்னும் மறக்கவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனில் பதினான்கு நாள் ரத்து உரிமை, குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்குச் செல்லாது. ஆனால் அங்கே 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி மறுவிற்பனைத் தளம், டிக்கெட்டின் அசல் விலையையும் எந்தப் பகுதி, எந்த வரிசை, எந்த எண் என்பதையும் வாங்குவதற்கு முன்பே காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அதைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள், உங்கள் பிடி அதுதான். கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைச் சொருகும் வழக்கத்துக்கும் இப்போது தடை உண்டு. பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6 முதல், அமெரிக்காவில் நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணங்கள் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். இந்த விதிகள் விலையை மறைக்காமல் காட்டத்தான் சொல்கின்றன, குறைக்கச் சொல்லவில்லை. ஆகவே தேடல் பக்கத்திலிருந்து போகாதீர்கள். நாடகத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள், அது எந்த அரங்கைக் காட்டுகிறதோ அங்கே வாங்குங்கள்.

அப்புறம், கிரெடிட் கார்டு. பிரிட்டனில் ஒரு டிக்கெட்டின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து, அரங்கிடமே நேரடியாகக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், நிகழ்ச்சி நடக்காமல் போனால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அது. இடைத்தரகர் நடுவில் வந்தால் அந்தப் பாதுகாப்பு பலவீனமாகிவிடும்.

கேள்வி: கால் மணி நேரம் தாமதமாகப் போனோம். வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தொடக்கப் பாட்டு போச்சு. நஷ்டஈடு கேட்கலாமா?

எதற்கு? நடிகர்கள் வரும் வழியில் உங்களை எப்படி விடுவார்கள்? டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். அரை மணி நேரம் முன்னதாகப் போயிருக்க வேண்டும்.

கேள்வி: 'ஃப்ரோஸன்' நாடகத்தில் நாயகி எல்சாவாக நடிப்பவரைப் பார்க்கத்தான் போனோம். அன்று அவருக்குப் பதில் வேறொருவர். பணம் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

தரமாட்டார்கள். நாடகத்தின் பெயருக்கு மேலே நட்சத்திரத்தின் பெயரைப் போட்டு விற்றிருந்தால் நியூயார்க்கில் பணமோ வேறு தேதியோ கேட்கும் வழக்கம் உண்டு. இந்த வகை நாடகங்களில் கதாபாத்திரம்தான் நட்சத்திரம். வாரத்துக்கு எட்டுக் காட்சி நடத்துகிறவர்களுக்கு மாற்று நடிகர்கள் இல்லாவிட்டால் திரையே உயராது. அந்தப் பெண் எப்படிப் பாடினார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம். திடீர் சத்தம் தாங்கமாட்டான். ஆனால் 'தி லயன் கிங்'கின் சிங்கக்குட்டி சிம்பா என்றால் உயிர். ஆசைப்படலாமா?

தாராளமாக. இதற்கென்றே 'ரிலாக்ஸ்டு' காட்சிகள் நடக்கின்றன. சத்தத்தையும் கண்ணைக் கூசும் ஒளியையும் குறைப்பார்கள், பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், குரல் எழுப்பலாம், ஓய்வெடுக்க அமைதியான இடம் இருக்கும். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக நடந்த முதல் காட்சியே 'தி லயன் கிங்'தான், 2011 அக்டோபர் 2ஆம் தேதி. இவை எப்போதாவதுதான் நடக்கும். அரங்கின் உதவிப் பிரிவுக்கு இப்போதே எழுதி அடுத்த தேதியைக் கேளுங்கள். அவன் பார்த்துவிட்டு வந்தபின் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: போஸ்டரில் பெரிய அரண்மனை, பனிமழை. உள்ளே போனால் நான்கு பேர் உடை மாட்டிக்கொண்டு, பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைத்தார்கள். என் பேத்தி அழுதுவிட்டாள்.

உங்கள் மீது ஒரு தவறும் இல்லை ஐயா. போஸ்டரையும் டிக்கெட்டையும் பத்திரமாக வையுங்கள். படம் எடுத்திருந்தால் அதையும். நடத்தியவருக்கும் மண்டபத்துக்கும் எழுதுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் 'விவரித்தபடி இல்லை' என்று கார்டு நிறுவனத்தில் முறையிடுங்கள். மற்றவர்கள் கவனிக்க: பெயருக்குப் பின்னால் 'ஜூனியர்' என்று இருந்தால் அது பிள்ளைகள் நடிக்கும் சுமார் ஒரு மணி நேரச் சுருக்கம். அது உரிமம் பெற்ற நேர்மையான நாடகம்தான், ஆனால் நீங்கள் தேடும் பெரிய நாடகம் அதுவல்ல.

கேள்வி: அன்றன்றைக்குக் குறைந்த விலையில் டிக்கெட் கிடைக்குமாமே?

கிடைக்கும். தள்ளுபடி டிக்கெட் விற்கும் டிகேடிஎஸ் (TKTS) கவுண்டர்கள் நம்பகமானவை. நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் 1973 முதலும் லண்டன் லெஸ்டர் ஸ்கொயரில் 1980 முதலும் இருக்கின்றன. பள்ளி விடுமுறையில், கூட்டம் அலைமோதும் குடும்ப நாடகத்துக்கு அதை நம்பிப் போகாதீர்கள். வார நடுவில் முயலுங்கள்.

கேள்வி: 'ஃப்ரோஸன்' மாலைக் காட்சிக்கு எடுத்திருக்கிறோம். பிள்ளை எட்டு மணிக்கே தூங்கிவிடுவாள். பாதியில் கிளம்பினால் நஷ்டமா?

அவள் காத்திருக்கும் அந்தப் பெரிய பாட்டு, 'லெட் இட் கோ', முதல் பாதியின் முடிவில் வருகிறது. அதுவரை எப்படியும் விழித்திருப்பாள். ஆனாலும் முடிந்தால் மதியக் காட்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.