14 நாள் மாத்திரையும் பச்சை உடம்பும்: கேள்வி பதில்

மனநல மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, அதன் மருந்து, விலை பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில இவை. மருந்தையோ அளவையோ மாற்றுவது உங்கள் டாக்டர் வேலை, என்னுடையதில்லை.

நியூஜெர்சியிலிருந்து ஒரு தங்கை: பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு டாக்டர் எனக்குச் சுர்சுவே என்ற 14 நாள் மாத்திரையை எழுதித் தந்திருக்கிறார். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டுமாம். அம்மா பத்தியச் சாப்பாடுதான் தருகிறார். சரிவருமா அக்கா?

எந்தப் பத்தியம் என்பதைப் பொறுத்தது. வழக்கமான அளவு தினம் சாயங்காலம் 50 மி.கி., 14 நாள். கொழுப்பில்லாமல் விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. 400 முதல் 1,000 கலோரி சாப்பாடு, அதில் கால் பங்கிலிருந்து பாதி வரை கொழுப்பு என்பது கணக்கு. இட்லியும் ரசம் சாதமும் தேறாது. நல்லெண்ணெய் மிதக்கும் பூண்டுக் குழம்பு, சாதத்தில் தாராளமாக நெய் என்றால் தேறும். எண்ணெயைக் குறைக்காதே அம்மா என்று சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார்.

அதைவிட முக்கியம், விழுங்கியபின் குறைந்தது 12 மணி நேரம் கார் ஓட்டக் கூடாது. தூக்கம் அமுக்கும். ராத்திரி குழந்தையைத் தூக்க அம்மாவோ வீட்டுக்காரரோ பக்கத்தில் படுக்கட்டும். தாய்ப்பாலில் கொஞ்சம் கலக்கும், அதை டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு வாரம் வரை கருத்தடையும் வேண்டும்.

கோவையிலிருந்து: சுர்சுவே சந்தைக்கு வந்தபோது 14 நாளைக்கு 15,900 டாலராமே! உள்ளே தங்கமா இருக்கிறது?

கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோனிலிருந்து அலோபிரெக்னனலோன் என்ற பொருள் உடம்பில் ஏராளமாக ஊறும். மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளில் வேலை செய்வது அது. பிரசவமானதும் மடமடவென்று இறங்கிவிடும். சில பெண்களின் மூளை அந்த இறக்கத்தைத் தாங்குவதில்லை என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் இந்த மருந்து.

அமெரிக்காவில் 2019 மார்ச்சில் முதலில் வந்தது சல்ரெஸ்ஸோ. அதே பொருளை 60 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். நினைவு தப்பலாம் என்பதால் மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும், குழந்தையைத் தனியாகத் தூக்கக் கூடாது. மருந்து மட்டும் சுமார் 34,000 டாலர். பச்சை உடம்புக்காரி இரண்டரை நாள் டிரிப்போடு எப்படிப் படுத்துக் கிடப்பாள்? ஓடவில்லை, 2024 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் அனுமதி பெற்ற சுர்சுவே அதன் மாத்திரைத் தம்பி.

சென்னையிலிருந்து: அப்போ இங்கே மனச்சோர்வுக்கு எழுதுகிற செர்ட்ராலின் மட்டமா?

மட்டமில்லை. மாத்திரை சில ரூபாய்தான், பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பல வருடமாகப் பழகிய மருந்து. குறை, பலன் தெரிய சில வாரம் ஆகும். சுர்சுவேயின் பலம் வேகம். 196 பெண்களிடம் நடந்த சோதனையில், 15-ம் நாளில் மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்கு 15.6 புள்ளி குறைந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.6. நடுவில் இருக்கும் அந்த 4 புள்ளி நிஜம்தான். ஆனால் எனக்குக் கண்ணில் படுவது 11.6. வாராவாரம் யாரோ வந்து எப்படியிருக்கிறாய் என்று கேட்டதற்கும் அதில் பங்கு உண்டு என்பேன். பாகிஸ்தானில் கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தாய்மாரிடம் முறையாகப் பேச வைத்தே சோர்வைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்கள். 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. பேச்சுக்குக் காப்புரிமை வாங்க முடியாதே, யார் முதல் போடுவார்கள்!

ஒரு பங்குச்சந்தைத் தம்பி: சுர்சுவேயைக் கொண்டுவந்த சேஜ் கம்பெனி ஏன் சரிந்தது?

பொதுவான மனச்சோர்வுக்கும் அனுமதி கிடைக்கும் என்று நம்பியிருந்தார்கள், கிடைக்கவில்லை. பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தது. 14 நாளில் முடிகிற மருந்தில் மாதாமாதம் வருமானம் ஏது? 2025-ல் சூப்பர்னஸ் என்ற இன்னொரு மருந்து கம்பெனி சேஜை வாங்கிக்கொண்டது.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: மருமகளுக்குப் பிரசவமாகி ஆறு வாரம். அழுதுகொண்டே இருக்கிறாள், பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறாள். மந்திரித்துக் கயிறு கட்டினோம்.

கயிறு கையில் இருக்கட்டும்மா. முதல் பத்துப் பதினைந்து நாள் அழுகை பலருக்கும் வரும், போகும். ஆறு வாரம் என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். இந்தச் சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ கேள்வித்தாள் என்று பத்துக் கேள்வி உண்டு, தமிழிலும் இருக்கிறது. பத்தாவது கேள்வி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ஆமாம் என்றால் அன்றே கூட்டிப் போங்கள். இல்லாத குரல் கேட்கிறது, தூக்கமே இல்லை, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள் என்றாலும் அவசரம்தான். தனியே விடாதீர்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். வேலூர் பக்கத்துக் கிராமங்களில் எடுத்து 2002-ல் வெளியான ஆய்வில் இந்தச் சோர்வோடு சேர்ந்து வந்தவை: வறுமை, பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடு மனக்கசப்பு, கைக்கு உதவி இல்லாதது. உங்கள் வீட்டில் எது என்று நீங்கள் எழுதவில்லை. இன்று ராத்திரி பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு, பால் கொடுக்க மட்டும் எழுப்புங்கள். மற்ற நேரம் அவள் முடிந்தவரை சேர்ந்தாற்போல் தூங்கட்டும். காலையில் டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள், ஆனால் உள்ளே அவளைத் தனியாகப் பேச விடுங்கள்.