அடுப்படிக் கேள்விகள்: வெடித்த முட்டையும் கோழிக் குழம்பும்

கேள்வி: ஆச்சி, மிஞ்சிய முட்டைக் குழம்பை மைக்ரோவேவில் வைத்தேன். முட்டை வெடித்து, கதவெல்லாம் மஞ்சள் கரு. சென்னைக்குக் கிளம்பும் மகனிடம் கோழிக் குழம்பை உறையவைத்துக் கொடுத்தனுப்பலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: உள்ளேயே வெடித்தது உங்கள் நல்ல காலம். முழு முட்டைக்குள் நீராவி அடைபட்டிருக்கும். வெளியே எடுத்துக் கரண்டி பட்ட பிறகும் முகத்தில் தெறிப்பதுண்டு. நான்காக நறுக்கி வையுங்கள். எவர்சில்வர் கிண்ணமும் பொன் விளிம்புப் பீங்கானும் உள்ளே போகவே கூடாது, பொறி பறக்கும். அப்பத்தா காலத்துப் பீங்கான் அலமாரியிலேயே அழகாக இருக்கட்டும்!

கோழிக் குழம்பைத் தாராளமாக அனுப்பலாம். இறக்கிய 2 மணி நேரத்துக்குள், நம் சித்திரை வெயிலில் 1 மணி நேரத்துக்குள், குளிரில் வைத்துவிட வேண்டும். குண்டானோடு வைத்தால் நடுக்குழம்பு வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமி பெருகுவது அங்கேதான். தட்டையான டப்பாக்களில் பிரித்து, உறையும்போது விரிவதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். பயணத்துக்குத் தெர்மாகோல் பெட்டி, சுற்றிலும் ஐஸ். இறங்கும்போது குழம்பில் பனித்துகள் இருந்தால் மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாம். இளகியும் சில்லென்று இருந்தால் அன்றே சாப்பிடட்டும். வெதுவெதுத்திருந்தால், மசாலா அரைத்த கை எவ்வளவு வலித்திருந்தாலும் சரி, கொட்டிவிடச் சொல்லுங்கள்.

மைக்ரோவேவ் சீராகச் சுடவைக்காது. பாதியில் கிளறி, கறித்துண்டின் நடுவிலும் 74 டிகிரி ஏற வேண்டும். கூடவே வெள்ளைப் பணியாரம் அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், சூடாக்கினால் ரப்பர்தான்.