பேப்பர் கப்பில் காபி

கேள்வி: என் கல்லூரித் தோழி ஏற்காட்டு மலைக் கிராமத்தைச் சேர்ந்தவள், மலையாளிப் பழங்குடி. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பாயி அவளுக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி கொடுத்தார். அவள் கிளம்பியதும் அப்பா, "சலுகையில சீட் வாங்கினவங்க, ரொம்ப ஒட்டாதே" என்றார். நான் எதிர்த்துப் பேசினால் அம்மா, "பெரியவங்க அப்படித்தான், விடு" என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, சேலம்

பதில்: அன்பு மகளே, சீரியல் நேரம் மாறினால் மறுநாளே பழகிக்கொள்கிற அப்பாயிக்கு, ஒரு டம்ளர் விஷயம் மட்டும் பழகாதா என்ன? அம்மா சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் அப்பாயியிடம் நியாயம் பேசி ஜெயிக்கப் பார்க்காதே. அடுத்த முறை தோழி வருவதற்கு முதல் நாளே, "நாளைக்கு அவ வர்றா, காபி நான்தான் போடுவேன், எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர்தான்" என்று சொல்லிவிடு. முணுமுணுப்பதை அன்றைக்கே முணுமுணுத்து முடிக்கட்டும். வந்தவள் முன்னால் சண்டை வேண்டாம். அப்பாயி இறங்கிவரவே மாட்டார் என்றால் அவளை வீட்டுக்கு அழைக்காதே, வெளியே பார்த்துக்கொள். உன் குடும்பத்தைத் திருத்துவது அவள் வேலை இல்லை.

அப்பாவின் பேச்சு வேறு ரகம். அவரிடம் தனியாக, அவர் சாப்பிட்டு முடித்தபின் பேசு. தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 சதவீதம். அதில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 18. பழங்குடியினர் எல்லோருக்கும் சேர்த்து வெறும் 1. உங்கள் சாதி எதுவென்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வீட்டு பீரோவில் உள்ள சாதிச் சான்றிதழை அப்பா ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. நம் ஊரில் பெரும்பாலான வீட்டுப் பிள்ளைகளின் சீட்டும் இந்தப் பட்டியலுக்குள்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல். ஞாயிற்றுக்கிழமையானால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், படகில் சுற்றி, மிளகு வாங்கிக்கொண்டு இறங்குகிறோம். ஏரிக்கு அப்பால் உள்ள கிராமங்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. 1820களில் கலெக்டர் காக்பர்ன் அங்கே காபிச் செடியைக் கொண்டுவருவதற்கு முன்பே அந்த மலையில் சாமை, ராகி விதைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பின்னால் எஸ்டேட்டுகள் பெருகியபோது அதே மலையில் கூலிக்குக் காபிப் பழம் பறித்தார்கள். 'ஏற்காட்டுக் காபி' என்று நாம் பெருமையாகக் கேட்டு வாங்குவதில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. அப்பா பதில் சொல்லாமல் எழுந்து போனால் போகட்டும், பின்னாலேயே போய்த் துரத்தாதே. மறுபடி அந்தப் பேச்சு வந்தால் மறுபடி சொல்.

தோழி அந்தக் கப்பைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. கட்டாயம் கவனித்திருப்பாள். "அன்னிக்கு எங்க வீட்ல நடந்தது தப்பு, நான் அங்கேயே கேட்டிருக்கணும்" என்று இரண்டே வரியில் சொல். நீ அழுது, அவள் உன்னைத் தேற்றும்படி வைத்துவிடாதே. கோபப்பட்டால் கேட்டுக்கொள்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வரும். அவள் கூப்பிட்டால் போய் வா. முடிந்தால் அம்மாவையும் கூட்டிப்போ, அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் உனக்கு முதலில் துணை வரக்கூடியவர் அம்மாதான் என்று எனக்குத் தோன்றுகிறது.