மகள் கேட்கும் படிப்பும் உங்கள் பயமும்

அன்புள்ள அம்மா,

புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்து, மகளை வெளி வாங்கில் இருத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "ஒருபாலீர்ப்பு ஆக்களைப் பற்றியும் ஒரு படிப்பு இருக்காம். அதைத்தான் படிப்பன் எண்டு நிக்கிறாள். இதுக்கு ஆர் வேலை குடுப்பினம்? சனம் என்ன கதைக்கும்?" அன்று வெளியில் ஆக்கள் காத்திருந்தபடியால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அது எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது.

பிள்ளையின் கொப்பியில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மொஸ்ஸே அறக்கட்டளையின் பெயர் இருந்தது. தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்புக் கொண்ட ஆக்களைப் பற்றிய இந்தத் துறையை அந்த அறக்கட்டளை பொது விரிவுரைகள் நடத்தி வளர்க்கிறது. அதன் கதையைக் கேட்டால் உங்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

ஜோர்ஜ் மொஸ்ஸே 1918இல் பேர்லினில் ஒரு பெரிய யூதப் பதிப்பகக் குடும்பத்தில் பிறந்தவர். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு 14 வயது. குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாட்டை விட்டு ஓடியது; சொத்துகள் பறிபோயின. அவர் இங்கிலாந்திலும் பிறகு அமெரிக்காவிலும் படித்து, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பேர்பெற்ற வரலாற்றுப் பேராசிரியரானார். தானும் ஒருபாலீர்ப்பாளர் என்பதைப் பல காலம் மறைத்தே வாழ்ந்தார். கிழக்கு ஜெர்மனி வீழ்ந்த பிறகுதான் குடும்பச் சொத்து திரும்பக் கிடைத்தது. ஏறத்தாழ அறுபது வருடங்கள்! இராணுவம் பிடித்த காணி விடுபடும் என்று வருடக்கணக்காக வேலிக்கு வெளியே காத்துக்கிடந்த கேப்பாப்புலவுச் சனத்துக்கு அந்தக் காத்திருப்பின் பாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. 1999இல் இறக்கும்போது அந்தச் சொத்திலிருந்து விஸ்கொன்சினுக்கும், தான் வருகைப் பேராசிரியராகப் படிப்பித்த ஆம்ஸ்டர்டாமுக்கும் இந்தக் கற்கைக்கென்று நிதி விட்டுச்சென்றார்.

அவர் ஆராய்ந்த விடயங்களில் ஒன்று, "மரியாதையான குடும்பம்", "மரியாதையான ஆண்" என்ற எண்ணங்கள் தேசியத்தோடு எப்படிப் பின்னிக்கொண்டன, அதற்குள் அடங்காதவர்கள் எப்படி வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது. "சனம் என்ன கதைக்கும்" என்று நீங்கள் கேட்டீர்களே, அந்தக் கேள்வியைத்தான் அவர் வரலாறாக எழுதினார். வரலாறு, சட்டம், மருத்துவம், சமூகவியல் எல்லாம் சேர்ந்த துறை இது. அதைக் கேவலமான படிப்பாக யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சட்டத்துக்குப் பயந்தீர்கள். 1883இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை வைத்துத்தான் இங்கே இந்த ஆக்களைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். 1995இல் வந்த திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. அவற்றை மாற்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் சொன்னது. இதைப் பற்றிப் படிப்பதும் எழுதுவதும் குற்றமல்ல.

இனி வேலை. இந்தப் பெயரில் முதல் பட்டம் தேடி ஓடவேண்டாம் என்று பிள்ளையிடமும் சொன்னேன், அவளுக்கு அது பிடிக்கவில்லை. முதலில் ஓர் உறுதியான அத்திவாரம் வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகம் கிட்ட என்றாலும் அது பிரதானமாக விஞ்ஞானம், வணிகம், தொழினுட்பம் பக்கம். கலைப்பிரிவுப் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் சமூகவியலோ வரலாறோ சரியாக வரும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி எட்டினால் சட்டம்தான் என் முதல் தெரிவு. வெறும் கலைப் பட்டத்தோடு வேலைக்குக் காத்திருந்து வீதியில் போராடிய பட்டதாரிகளை நாம் கண்டவர்கள். அதனால்தான் கையில் ஒரு தொழிலும் இருக்கவேண்டும் என்கிறேன். சட்டத்தரணி, சமூக சேவை உத்தியோகத்தர், உளவளத்துணையாளர், மனித உரிமைப் பணி என்று வழிகள் உண்டு. போருக்குப் பிறகு உளவளத்துணைக்கு வன்னியில் எவ்வளவு தேவை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல வரும் ஒரு பிள்ளைக்கு, முகம் சுழிக்காமல் கேட்கத் தெரிந்த ஓர் ஆள் இங்கே மிக அரிது.

மேற்படிப்பு பிறகு. செவனிங் புலமைப்பரிசில் பிரித்தானியாவில் ஒரு வருட முதுமாணிக்கு முழுச் செலவையும் தரும். இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், முடித்ததும் திரும்பி வந்து இரண்டு வருடம் எங்கட நாட்டில் இருக்கவேண்டும். இடைப்பட்ட வருடங்களில் ஆங்கிலத்தை வளர்க்கட்டும். பொது விரிவுரைக்கு இசட் புள்ளியும் இல்லை, அனுமதிக் கட்டணமும் இல்லை. போனில் கிடைப்பவற்றைக் கேட்டுக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். ஆனால் "ஐரோப்பாவில் இந்தப் படிப்புக்கு உடனே விசா" என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் காணி உறுதியை வெளியில் எடுக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்க வந்து விழுங்கிய கேள்வி. "அவளும் அப்படியோ?" எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. நீங்களும் துருவிக் கேட்கவேண்டாம். ஒரு பாடத்தில் விருப்பம் வருவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். அப்படித்தான் என்றாலும் அவள் நீங்கள் பதுங்குகுழிக்குள் அணைத்து வைத்துக் காப்பாற்றிய அதே பிள்ளைதான். அவளாகச் சொல்லும் நாள் வந்தால் அழாமல் கேளுங்கள். அழுகை வந்தாலும் பரவாயில்லை, எழும்பிப் போய்விடாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைக் கொண்டுவாருங்கள். மகளை வெளியில் இருத்தவேண்டாம், மூன்று பேரும் ஒரே மேசையிலிருந்து அதைப் பார்ப்போம்.