கேட்டதும் சொன்னதும்: பர்மிங்ஹாம் சகோதரர்கள்

கேள்வி: அமெரிக்காவின் நாட்டுப்புற வாசனை கொண்ட கண்ட்ரி இசை கேட்பவன் நான். அங்கே இசை வீடியோக்களை அண்ணன் தம்பியாகச் சேர்ந்து இயக்கி முன்னுக்கு வந்தவர்கள் உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆண்ட்ரூ எர்வின், ஜான் எர்வின். அலபாமா மாநிலம் பர்மிங்ஹாம்காரர்கள். இவர்கள் வீடியோக்களில் பேர் வாங்கியது கேஸ்டிங் க்ரவுன்ஸ், மைக்கேல் டபிள்யூ. ஸ்மித் மாதிரி கிறிஸ்தவப் பாடகர்களிடம்தான். ஆனால் அமெரிக்க இசைத் தொழிலின் நகரமான நாஷ்வில்லில் அந்த இசையும் கண்ட்ரியும் ஒரே தெருவில் குடியிருப்பவை. இவர்கள் கதைக்குள்ளும் கண்ட்ரி பாடகர்கள் வந்து போகிறார்கள், அதற்கு வருகிறேன்.

பள்ளி வயதிலேயே இருவரும் ஈஎஸ்பிஎன் விளையாட்டு ஒளிபரப்புகளுக்குக் கேமரா பிடித்தவர்கள். நேரடி ஒளிபரப்பில் ‘ஒன்ஸ் மோர்’ கிடையாது. பந்து போனால் போனதுதான். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்த எனக்கு அந்தப் பதற்றம் நன்றாகவே தெரியும். தாலி கட்டுவதைத் தவறவிட்டால் மாப்பிள்ளையை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

2002-ல் சொந்தக் கம்பெனி. விளம்பரம், ஆவணப்படம், இசை வீடியோ. கிறிஸ்தவ இசைக்குத் தரும் டவ் விருதும் வந்தது. அப்புறம் சினிமா. 2018-ல் வந்த ‘ஐ கேன் ஒன்லி இமாஜின்’ ஒரே ஒரு பாட்டு பிறந்த கதை. செலவு சுமார் 70 லட்சம் டாலர். அமெரிக்காவில் மட்டும் 8 கோடி டாலரைத் தாண்டி வசூல். அந்தப் பாட்டை எழுதிய பாடகரை அடித்து வளர்த்த அப்பாவாக டென்னிஸ் குவைட். பாடகரின் மேனேஜராக வருபவர் ட்ரேஸ் ஆட்கின்ஸ், அசல் கண்ட்ரி பாடகர். அடித்தொண்டையிலிருந்து வரும் அந்தக் குரலுக்கு வசனமே தேவையில்லை. ‘மாம்ஸ் நைட் அவுட்’ படத்திலும் பைக் ஓட்டும் முரட்டு ஆசாமியாக இவரையே போட்டிருந்தார்கள். ‘ஐ ஸ்டில் பிலீவ்’ படத்தில் கதாநாயகனின் அம்மா யார் தெரியுமா? கண்ட்ரி பாடகி ஷனயா ட்வைன்! பாவம், 2020 மார்ச் 13-ல் வெளியானது. அடுத்த வாரமே கொரோனாவால் தியேட்டர்களை மூடிவிட்டார்கள்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நிமிடத்தில் அழவைத்துப் பழகிய கை, இரண்டு மணி நேரப் படத்திலும் அதையே செய்கிறது. அப்பாவும் மகனும் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும் என்கிற இடத்திலும் பின்னணி இசை முந்திக்கொண்டு ஓடிவரும்.

கேள்வி: எப்போதும் இருவரும் சேர்ந்தேதானா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. 2023-ல் வந்த ‘ஜீசஸ் ரெவல்யூஷன்’ படத்தை ஜான், ப்ரென்ட் மெக்கார்கிலோடு சேர்ந்து இயக்கினார்.

கேள்வி: முதலில் எதைப் பார்ப்பது?
– அதே வாசகி

பதில்: ‘வுட்லான்’, 2015. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் சேர்ந்து படிக்கத் தொடங்கிய 1970-களில், பர்மிங்ஹாம் பள்ளி ஒன்றின் அமெரிக்கக் கால்பந்து அணியின் கதை. அந்த அணியோடு இருந்த போதகர் ஹேங்க், இவர்களுடைய சொந்த அப்பா! அவர் வேடத்தில் ஷான் ஆஸ்டின் நடித்திருக்கிறார். மைதானக் காட்சிகளைக் கவனியுங்கள், கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எடுத்தவை. பின்னணி இசை அதிகமானால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.