ராபின் ஹுட்ஸ் பேயில் எங்கே தங்குவது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் லீட்ஸில் படிக்கிறாள். வருகிற செப்டம்பரில் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். யார்க்‌ஷயர் கடற்கரையில் ராபின் ஹுட்ஸ் பே என்ற ஊருக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறாள். வில்லாளி ராபின் ஹூட்டின் ஊரா அது? காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினால் போதுமா, தங்க வேண்டுமா? மனைவிக்கு முட்டுவலி உண்டு. நீங்கள் அங்கே போனதாக ஒரு கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

சண்முகம்

*

அன்புள்ள சண்முகம்,

தங்குங்கள். ஒரு ராத்திரியாவது தங்குங்கள். பகலில் அந்த ஊர் வந்துபோகிறவர்களுடையது. சாயங்காலம் அவர்கள் போன பிறகு சந்துகளில் ஓடைச் சத்தமும் அலைச் சத்தமும் மட்டும்தான் இருக்கும். நான் அந்த ஊரைப் பார்த்தேன் என்று சொல்வது அந்த நேரத்தை வைத்துத்தான்.

முதலில் பெயர். ராபின் ஹூட்டுக்கும் இந்த ஊருக்கும் உறுதியான சம்பந்தம் எதுவும் கிடையாது. 17ஆம் நூற்றாண்டுக் கதைப்பாடல் ஒன்றில் அவன் ஸ்கார்பரோவுக்குப் போய் மீன்பிடி வேலையில் சேர்கிறான். ஸ்கார்பரோ இதே கரையில் தெற்கே இருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் பெயர் பழையது. எட்டாம் ஹென்றி காலத்தில் நாட்டைச் சுற்றிவந்து குறிப்பெழுதிய ஜான் லேலண்ட், 20 படகுகள் உள்ள சின்ன மீனவ ஊர் என்று இதே பெயரில் எழுதியிருக்கிறார். உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக 'பே' என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

செங்குத்தான பள்ளம் ஒன்றில், ஓடை கடலில் இறங்குகிற இடத்தில், வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல் கட்டப்பட்ட ஊர் இது. ஒரு வீட்டின் வாசற்படி அடுத்த வீட்டின் ஓட்டுக்கு நேராக இருக்கும். நிலம் குறைவு. இருக்கிற நிலத்தையும் கடல் அரித்துக்கொண்டே இருந்தது. 1780இல் பழைய பாதையின் ஒரு பகுதி வீடுகளோடு சேர்ந்து சரிந்து விழுந்தது. இப்போது நீங்கள் இறங்கப்போகிற 'நியூ ரோடு' அதற்குப் பிறகு வந்தது. இரு நூற்றாண்டு ஆகியும் பெயரில் புதுசு போகவில்லை. 1975இல் பெரிய கடல் சுவர் கட்டிய பிறகுதான் கீழ் ஊருக்கு நிம்மதி.

கடத்தல் கதைகளை எல்லோரும் சொல்வார்கள். கடற்கரையில் இறக்கிய பட்டுப்பொதி, வெளிச்சமே படாமல் வீட்டுக்கு வீடு கைமாறி ஊர் உச்சிக்குப் போய்விடுமாம். கதை சரியோ மிகையோ, காரணம் உண்மை. 18ஆம் நூற்றாண்டில் தேயிலைக்குப் போட்ட வரி, தேயிலையின் விலையையே தாண்டியிருந்தது. 1784இல் பிரதமர் பிட் அதை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்ததும் தேயிலைக் கடத்தலில் லாபம் போய்விட்டது.

ஆனால் என் மனதில் நிற்பது கடத்தல்காரர்கள் இல்லை, அந்த ஊர்ப் பெண்கள். ஆண்கள் 'கோபிள்' என்கிற படகில் கடலுக்குப் போவார்கள். முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் தட்டையாக, துறைமுகம் இல்லாத கரையில் நேரே மணலில் ஏற்றத் தோதான படகு. நூற்றுக்கணக்கான தூண்டில் முள் கோத்த நீளக்கயிற்றுக்கு இரை வேண்டும். கடல் வற்றும்போது பெண்கள் பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பிகளை, அவர்கள் பேச்சில் 'ஃப்ளிதர்', கத்தியால் நெம்பி எடுப்பார்கள். குளிர்காலத்திலும் அதே வேலைதான். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளிலும் இரை குத்தி, சிக்காமல் கயிற்றைச் சுருட்டி வைக்க வேண்டும். கடல் வற்றியிருக்கும்போது ஒருநாள் அந்தப் பாறைகளில் ஒரு மணி நேரம் நடந்தேன். பாசி வழுக்கியதில் இரண்டு முறை விழப் பார்த்தேன். ஈரப் பாவாடையோடும் கூடையோடும் அங்கே நின்று சிப்பி பெயர்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

இனி 1881. இந்த ஊரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்ல இடம் உண்டு என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த ஜனவரியில், கடும் பனிப்புயலில், 'விசிட்டர்' என்ற கப்பல் விரிகுடாவில் சிக்கியது. பேயில் இருந்து எந்தப் படகையும் இறக்க முடியாத கடல். வடக்கே இருக்கிற விட்பி என்ற துறைமுக ஊருக்குத் தந்தி போனது. விட்பியின் உயிர்காப்புப் படகு கடல் வழியாக வரவும் வாய்ப்பில்லை. ஆகவே தரை வழியாக இழுத்து வந்தார்கள். 6 மைல். வழியில் 500 அடி உயரம் ஏற வேண்டும். 7 அடி ஆழத்துக்குப் பனி குவிந்து கிடந்தது. 200 பேர் முன்னால் பனியை வெட்டி வழி திறக்க, 18 குதிரைகள் இழுத்தன. பே மக்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து மேடேறி வெட்டிக்கொண்டே வந்து அவர்களைச் சந்தித்தார்கள். அப்புறம் அந்தக் கனத்த படகை இந்தச் செங்குத்துத் தெருவில், இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்க, கயிறு கட்டித் தாங்கித் தாங்கி இறக்கினார்கள். விட்பியிலிருந்து கிளம்பி 2 மணி நேரத்தில் படகு தண்ணீரில் இருந்தது. முதல் முயற்சியில் துடுப்புகள் முறிந்து திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டாவது முறை போய்க் கப்பலின் ஆட்களை உயிரோடு கொண்டுவந்தார்கள்.

படகை நடத்தியவர் விட்பியின் ஹென்றி ஃப்ரீமன். அதற்கு 20 வருடம் முன், 1861இல், விட்பியில் உயிர்காப்புப் படகு கவிழ்ந்து 12 பேர் செத்தபோது தப்பிய ஒரே ஆள் அவர்தான். புதிதாக வந்திருந்த தக்கை மேலங்கியை அன்று அவர் மட்டும் போட்டிருந்தார். அப்படிப் பிழைத்த ஒருவர் மறுபடியும் அந்த மாதிரிக் கடலில் இறங்கினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

சரி, தங்குவதற்கு வருவோம். வாகனங்கள் மேல் ஊரோடு நின்றுவிடும், கீழே நடைதான். தெரு மிகச் செங்குத்து. கீழ் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் பழைய மீனவர் வீடுகளில் தங்கத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். நான் அப்படி ஒன்றில்தான் தங்கினேன். மாடிப்படி கிட்டத்தட்ட ஏணி. குனியாமல் போனால் உத்தரம் நெற்றியில் இடிக்கும். உங்கள் மனைவிக்கு அது வேண்டவே வேண்டாம். கடலை ஒட்டிய பே ஹோட்டலும் அப்படித்தான், இடம் அற்புதம், ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த மேட்டை ஏற வேண்டும். இங்கிலாந்தின் குறுக்கே மேற்கே செயின்ட் பீஸில் தொடங்கி சுமார் 190 மைல் நடந்து வருகிறவர்கள் பயணத்தை முடிப்பது இந்த ஹோட்டல் வாசலில்தான். நடைவழிகாட்டி நூல்கள் எழுதிய ஆல்ஃப்ரட் வெயின்ரைட் 1973இல் வகுத்த பாதை. செயின்ட் பீஸில் எடுத்த கூழாங்கல்லை இங்கே கடலில் எறிவது வழக்கம். ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் யாராவது எறிவதைப் பார்க்கலாம்.

நீங்கள் மேல் ஊரில் அறை எடுங்கள். 1885இல் ரயில் வந்த பிறகு வளர்ந்த பகுதி அது. விக்டோரியா ஹோட்டல் அங்கே இருக்கிறது, விரிகுடா முழுதும் தெரியும். காலை உணவோடு அறை தரும் வீடுகளும் உண்டு. வீட்டுக்காரர்கள் அங்கேயே குடியிருக்கிற இடமாகப் பார்த்து எடுக்கச் சொல்வேன். கீழ் ஊரில் பெரும்பாலான வீடுகள் இப்போது விடுமுறை வீடுகள். இருட்டிய பிறகு இறங்கிப் போனால் ஜன்னல்களில் பாதிக்கு மேல் விளக்கு இருக்காது. எனக்கு அது மிகவும் வலித்தது. நீங்கள் கொடுக்கிற பணம் ஊரில் வாழ்கிறவர்கள் கைக்குப் போனால் நல்லது.

மகளும் தோழிகளும் தனியாக ஒருமுறை போவதானால் பாகிள் ஹோலில் உள்ள இளைஞர் விடுதியைச் சொல்லுங்கள். கரையோரமாகத் தெற்கே ஒரு மைல். பழைய மாவு மில்லை விடுதியாக்கியிருக்கிறார்கள். மணல் வழியாக நடக்கிறவர்கள் ஓதம் ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கடல் பாறைச் சுவர் வரை வந்துவிடும், ஒதுங்க இடமிருக்காது.

விரிகுடாவின் தெற்கு முனையில் ரேவன்ஸ்கார் என்ற ஊர். 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 200 வருடத்துக்கு மேல் அங்கே படிகாரம் காய்ச்சினார்கள், துணிச் சாயம் நிற்பதற்காக. பாறையை மாதக்கணக்கில் எரித்து, நீரில் ஊறவைத்து, அந்தக் கரைசலில் மனித மூத்திரத்தைச் சேர்ப்பார்கள். அதை லண்டனிலிருந்தெல்லாம் கப்பலில் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்தார்கள். பதம் பார்க்க ஒரு கோழிமுட்டையைப் போடுவார்களாம், மிதந்தால் பதம் சரி. அந்த ஆலையின் சிதைவுகளை, பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பாதுகாக்கிறது.

லீட்ஸிலிருந்து ஸ்கார்பரோவுக்கு ரயில். 1965இல் கடற்கரை ரயிலை நிறுத்திவிட்டதால் அங்கிருந்து X93 பேருந்து, மேல் ஊரிலேயே இறக்கிவிடும். கீழே ஒரே ஒரு முறை இறங்குங்கள். கடல் வற்றுகிற நேரமாகப் பார்த்து இறங்கினால் பாறைகள் வளைவு வளைவாக எழுந்து கிடப்பதையும் பார்க்கலாம். ஏறும்போது நின்று நின்று ஏறுங்கள். 1881இல் படகை இழுத்து வந்ததைச் சொல்லும் கல்வெட்டு மேலேயே இருக்கிறது, அதற்கு இறங்க வேண்டியதில்லை.

அன்புடன்