இலங்கையின் வடக்கே வன்னிக் காடு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வவுனியாவிலிருந்து: அண்ணை, எங்கட காட்டில் வரிப்புலி இருக்கிறதா? மகன் விடாமல் கேட்கிறான்.

இல்லை தம்பி. இலங்கையில் எங்குமே இல்லை. இங்கே காட்டுக்கு ராசா சிறுத்தைதான், அதுவும் இந்தத் தீவுக்கே உரிய துணையினம். புள்ளிமான், மரை, மந்தி, பன்றி எல்லாம் அதன் இரை. மகனை ஒருமுறை வில்பத்து தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். வில்லு என்று சொல்லும் இயற்கைக் குளங்களின் ஓரத்தில் காலையில் காத்திருந்தால் காணக் கிடைக்கலாம்.

மல்லாவியிலிருந்து: மடு மாதா கோயில் ஆடித் திருவிழாவுக்குக் காட்டுவழியே நடந்து போகிறோம். யானைக்குப் பயப்படுவதா, கரடிக்கா?

இரண்டுக்கும்தான். ஆனால் பகலில் நடப்பவர்கள் கரடியைத்தான் முதலில் நினைக்க வேண்டும். திருவிழா யூலை 2. பாலைப்பழக் காலமும் அதை ஒட்டியே வருகிறது. கரடி மரத்தில் ஏறியும் தின்னும், கீழே விழுந்ததையும் பொறுக்கும். அதற்கு மூக்கு கூர்மை, கண்ணும் காதும் மட்டு. காற்று எதிர்ப்பக்கமாக அடித்தால் நீங்கள் கிட்டப் போகும்வரை அதற்குத் தெரியாது. திடுக்கிட்டால் ஓடாது, பாயும். முகத்தைத்தான் பிறாண்டும்.

அதனால் கூட்டமாக, சத்தமாகக் கதைத்துக்கொண்டு போங்கள். செபமாலை சொல்லிக்கொண்டு போனாலும் நல்லதுதான். பாலை மரத்தின் கீழ் இளைப்பாற வேண்டாம். பட்டையில் நகக்கீறல் இருக்கிறதா, புற்று தோண்டிக் கிடக்கிறதா, பளபளக்கும் பாலைக்கொட்டை நிறைந்த எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். எச்சம் ஈரமாக இருந்தால் கரடி தூரத்தில் இல்லை. குட்டியை முதுகில் சுமந்த தாய்க்கரடியைக் கண்டால் மெல்லப் பின்வாங்குங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள்.

யானைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: பொழுதுபட்டபின் நடக்காதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: முதுமலைப் புலிகள் காப்பகத்தில் கோடையில் காடே இலை உதிர்த்து நிற்கும். வன்னியும் வறண்ட காடுதானே, எப்படிப் பச்சையாக இருக்கிறது?

நல்ல கேள்வி ஐயா. முதுமலையில் தேக்கும் அதைப்போல இலையுதிர்க்கும் மரங்களும் அதிகம். இங்கே காட்டை நிறைப்பவை பாலை, வீரை, கருங்காலி. இவை ஒரேயடியாக இலை கொட்டுவதில்லை. ஒரு பாலை இலையைக் கிள்ளிப் பாருங்கள். தோல்போலத் தடிப்பு, நுனியில் சின்ன வெட்டு, காம்பிலிருந்து பால் கசியும். தண்ணீரை லேசில் விடாத இலை அது. மாரிமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை கொட்டும். அதற்குப் பிறகு பெரும்பாலும் வெயிலும், ஆனி ஆடியில் சோழகம் என்னும் தென்மேற்குக் காற்றும்தான். அதைத் தாங்கி நிற்கிறது இந்தக் காடு. அரசாங்கம் நட்ட தேக்கந்தோட்டங்கள் வன்னியிலும் உண்டு. கோடையில் போய்ப் பார்த்தால் தேக்கு மொட்டையாக நிற்கும், பக்கத்துக் காடு பச்சையாக இருக்கும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: புது வீட்டுக்கு முதிரைக் கதவு போட ஆசை. ஒருவர் மலிவாகத் தருகிறேன் என்கிறார்.

வாங்காதீர்கள் தங்கச்சி. மலிவான முதிரை என்றால் பெரும்பாலும் இரவில் அறுத்து ஏற்றியதுதான். கதவுக்கு ஏற்ற பருமன் வர ஒரு முதிரைக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். வன்னியில் பெரிய முதிரை குறைந்துகொண்டே போவதைப் பார்க்க வயிறு எரிகிறது. அனுமதிப்பத்திரம் உள்ள தேக்கோ பலாவோ போடுங்கள், அழகாகவே இருக்கும்.

முழங்காவிலிலிருந்து: வயலுக்கு யானை வருகிறது. வெடி போட்டால் போதுமா?

அன்றைக்குப் போகும், பிறகு பழகிவிடும். ஊரையும் வயலையும் சுற்றிப் போட்டு ஊரே பராமரிக்கும் மின்வேலிதான் நிற்கும். வேலியில் செடி படர்ந்தால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், வாரம்தோறும் வெட்ட வேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் இழுத்துவிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். யானையும் சாகும், விடியப் போகும் மனிசரும் சாவார்கள்.

நெடுங்கேணியிலிருந்து: வளவில் பாலை நடலாமா?

கட்டாயம் நடுங்கள். பழம் தின்ற கையோடு கொட்டையைக் கழுவி, காயவிடாமல் மண் நிரப்பிய பையில் போடுங்கள். வளர்ச்சி மிக மெதுவு, முதல் சில வருடம் ஆடுமாடு கடிக்காமல் கூடு கட்டிவிடுங்கள்.